அட்டையில் அடங்காத சங்கீதம்

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 38 வயது. பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கிறோம். இந்த பிப்ரவரியில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோ செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், வேலைக்கும் போகிறார். நான்தான் சரியாகவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். அதற்குப் பிறகு தூக்கம் இல்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டையில், ‘பொல்லாப்பு உனக்கு நேரிடாது, வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்று இருந்தது. சமையலறை அலமாரியில் ஒட்டி வைத்தேன். ஒன்றரை மாதத்தில் இப்படி ஆகிவிட்டது. ‘ஒழுங்காக வேதம் வாசித்தால் பயம் எப்படி வரும்?’ என்று ஜெபக்குழுவில் ஒரு அக்கா கேட்டார். அதனால் மார்ச்சில் ஒரு வருஷ அட்டவணை போட்டு ஆரம்பித்தேன். லேவியராகமத்தில் நின்றுவிட்டது, 23 நாள் பாக்கி. ஒருநாள் மனசு கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்தேன். வெளிப்படுத்தின விசேஷம் 21:8 வந்தது. பயப்படுகிறவர்கள் அக்கினிக் கடலில் பங்கடைவார்கள் என்று. அன்றிலிருந்து வேதத்தைத் தொடவே பயமாக இருக்கிறது. பயப்படுவது பாவமா? தினமும் எப்படி வாசித்தால் தைரியம் வரும்? அந்த அட்டையைக் கிழித்துப் போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த முள்ளை எடுத்துவிடுவோம். வெளிப்படுத்தின விசேஷம் 21:8.

அந்தப் புத்தகம் சின்ன ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில், ரோம ஆட்சியின் கீழ் இருந்த ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. இராயனை, அதாவது ரோமப் பேரரசனைக் கும்பிட்டு இயேசுவை மறுதலித்தால் பிழைக்கலாம் என்ற நெருக்கடி இருந்த காலம். அந்த வசனம் பேசுவது தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள ஆண்டவரையும் உடன்விசுவாசிகளையும் கைவிட்டவர்களைப் பற்றி. ‘பயப்படுகிறவர்கள்’ என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் ‘டெய்லோஸ்’ என்ற சொல் இருக்கிறது. கோழை என்று சொன்னால் கிட்டத்தட்ட சரியாக வரும். கணவரின் மூச்சுக்காக ராத்திரி எழுந்து உட்காரும் மனைவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில்தான் வருகிறது. ஒன்று நீங்கள் திறந்த பக்கம். மற்ற இரண்டும் ஒரே சம்பவம்: மத்தேயு 8, மாற்கு 4. கடலில் புயல், படகில் தண்ணீர் ஏறுகிறது, இயேசுவோ தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பி, ‘போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா’ என்று கேட்கிறார்கள். ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்கும்போது அவர்களைச் சொல்வது இதே வார்த்தையால்தான். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டவர்கள் யாரென்று பாருங்கள்: பேதுரு, யாக்கோபு, யோவான். ஒருவரையும் அவர் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. மாற்கு சொல்லும் வரிசையில் முதலில் காற்றை அதட்டுகிறார், கடலை அமர்த்துகிறார், அப்புறம்தான் கேள்வி கேட்கிறார்.

பயம் பாவமா என்றால், கெத்செமனேயில் நம் ஆண்டவரே ‘திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்’ தொடங்கினார் என்று மாற்கு 14-இல் வாசிக்கிறோம். அவருக்கு வந்த ஒன்றைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அக்காவுக்கும் வரக்கூடாது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். அடுத்தவர் பயத்தைப் பார்க்கும்போது நமக்கும் கொஞ்சம் உதறும், அதை மறைக்கச் சட்டென்று ஒரு அறிவுரையைத் தூக்கிப் போட்டுவிடுவோம். நானும் செய்திருக்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உங்களுக்கு வந்த கடிதத்தை நடுவில் பிய்த்து ஒரு வரி மட்டும் வாசிப்பீர்களா?

இனி அட்டைக்கு வருகிறேன். இதில் என் பங்கும் உண்டு. ஆயராக இருந்த காலத்தில் 20 வருஷத்துக்கு மேல், டிசம்பர் பிறந்துவிட்டால் வாக்குத்தத்த அட்டைக்கு வசனம் பொறுக்குவது என் வேலை. அச்சகத்துக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். சங்கீதம் 91-லிருந்து நாலைந்து, ஏசாயாவிலிருந்து பத்து, எரேமியா 29:11 கட்டாயம். சங்கீதம் 88-லிருந்து ஒரு வசனம்கூடப் பொறுக்கியதில்லை. அது ஒருவன் இருட்டுக்குள்ளே உட்கார்ந்து கதறி, இருட்டிலேயே முடிகிற சங்கீதம். அதை அட்டையில் போட்டால் வருஷப்பிறப்பு ராத்திரி யார் கையில் வாங்குவார்கள்? ஆனால் வேதத்தில் அது இருக்கிறது. நாங்கள் பொறுக்கிக் கொடுத்த வேதம் உங்கள் கையில் இருக்கும் வேதத்தைவிடச் சின்னது. பிப்ரவரியில் அடி விழுந்தபோது அந்தச் சின்ன வேதம் உங்களைக் கைவிட்டுவிட்டது போலத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

எரேமியா 29:11-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்ற வசனம் எத்தனையோ வீட்டு வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின வசனம், எழுபது வருஷம் ஆகும் என்கிறது! கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பாதிப்பேர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்கமாட்டார்கள். அதுவரை என்ன செய்ய? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. எனக்கு அட்டையில் வரும் பதினோராம் வசனத்தைவிட இந்தத் தோட்டம்தான் பிடிக்கும்.

உங்கள் சங்கீதம் 91-க்கும் இதே கதைதான். பத்தாம் வசனம் அட்டையில் வந்தது. அடுத்த இரண்டு வசனங்களை இயேசுவிடம் எடுத்துச் சொன்னவன் யாரென்று நினைவிருக்கிறதா? சோதனைக்காரன். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, ‘குதியும், தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே’ என்றான். வசனம் உண்மையான வசனம்தான். அதை ஒரு உத்தரவாதச் சீட்டாக மாற்றினான், அங்கேதான் வினை. இயேசு அந்தச் சீட்டை வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது வேதத்தை எடுத்துப் பதினைந்தாம் வசனம்வரை போய்ப் பாருங்கள்: ‘ஆபத்தில் நானே அவனோடிருந்து’. ஆபத்தே வராது என்றால் ஆபத்தில் கூட இருப்பது எப்படி? அந்தச் சங்கீதத்தைப் பாடினவருக்கே ஆபத்து வரும் என்று தெரியும். அட்டைதான் பத்தாம் வசனத்தோடு நின்றுவிட்டது.

சரி, தினமும் எப்படி வாசிப்பது?

ஆயர் வேலையில் கடைசி ஒன்பது வருஷம் ஒரு மருத்துவமனையின் சிற்றாலயப் பொறுப்பில் இருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பங்களோடு பேசுவதுதான் அங்கே பாதி வேலை. அதெல்லாம் தெரிந்த ஆள் என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. பிறகு என் மனைவியே ஆறு நாள் வெண்டிலேட்டரில் இருந்தார். மூன்றாம் நாள் ராத்திரி, வராந்தாவில் அந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து வேதத்தைத் திறந்தேன். எழுத்து எழுத்தாகத் தெரிகிறது, ஒன்றும் உள்ளே போகவில்லை. ஜெபமும் வரவில்லை. மூடி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் தன்னால் வாய்க்குள் ஓடியது: ‘இதோ, இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை.’

அது நான் உட்கார்ந்து மனப்பாடம் செய்தது இல்லை. எங்கள் அம்மாவின் குரல். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்து உலையை ஏற்றிவிட்டு, அது கொதிக்கிறவரைக்கும் ஒரு பலகையில் உட்கார்ந்து சங்கீதத்தை ராகம்போல இழுத்து முணுமுணுப்பாள். நான் போர்வைக்குள் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பேன். ‘உறங்குவதுமில்லை’ என்ற இடத்தில் ஒரு இழுப்பு, ‘தூங்குவதுமில்லை’யில் ஒரு நிறுத்தம். நாற்பத்தைந்து வருஷம் கழித்து அந்த இழுப்போடும் நிறுத்தத்தோடுமே வந்தது.

அதனால் பயம் போய்விட்டதா? போகவில்லை. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எழுந்துபோய் டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும், சீட்டை வாங்கிக்கொண்டு கீழே மருந்தகத்து வரிசையில் நிற்கவும் கால் வந்தது. தைரியம் என்று நான் கண்டது இந்த அளவுதான். இதைவிடப் பெரிதாக இருக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

சங்கீதம் 1-லும் யோசுவா 1:8-லும் ‘இரவும் பகலும் தியானம்’ என்று வருகிறதே, அங்கே எபிரெயத்தில் ‘ஹாகா’ என்ற வினைச்சொல். கண்ணை மூடிச் சும்மா உட்காருவது அதற்கு அர்த்தமில்லை, வாய்க்குள் முணுமுணுப்பது. இதே சொல்லை ஏசாயா, இரைமேல் உறுமும் சிங்கத்துக்கும் வைக்கிறார். எசேக்கியா ராஜா நோயில் கிடந்து எழுந்தபிறகு எழுதிய பாட்டில் ‘புறாவைப்போல் புலம்பினேன்’ என்கிறாரே, அந்தப் புலம்பலும் இதே சொல்தான். எபிரெயம் தெரியாமலே எங்கள் அம்மா சரியாகச் செய்துகொண்டிருந்தாள்.

ஆகவே உங்கள் ஒரு வருஷ அட்டவணையை மடித்து வையுங்கள். வேதாகமத்தில் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷத்தில் முடியும். ஆரோக்கியமாக இருக்கும் வருஷத்தில் அது நல்ல காரியம், செய்யுங்கள். இப்போது தூக்கமில்லாத கண்ணோடு லேவியராகமத்தில் குஷ்டரோகச் சட்டங்களைத் தாண்ட முடியவில்லை என்றால் அதை விசுவாசக் குறைவு என்று யாரும் எழுதி வைக்கப்போவதில்லை. 23 நாள் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டேன். ஆயர் என்ற முறையில் எனக்கு அந்த அதிகாரம் உண்டோ இல்லையோ, செய்துவிட்டேன்.

அதற்குப் பதிலாகச் சங்கீதம் 120-லிருந்து 134 வரை. ‘ஆரோகண சங்கீதம்’ என்று தலைப்பிலேயே இருக்கும். எருசலேமுக்குப் பண்டிகைக்கு ஏறிப்போகிறவர்கள் வழியில் பாடியவை என்று சொல்வார்கள். மொத்தம் பதினைந்து. அதில் 132 மட்டும் கொஞ்சம் நீளம். மற்றதெல்லாம் குக்கர் நான்கு விசில் அடிப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்று. பதினைந்தாம் நாள் முடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து. சத்தமாக, உங்கள் காதில் விழுகிற அளவுக்கு. காலையில் ஒருதரம், விளக்கணைக்கும் முன் அதையே இன்னொருதரம். ஆறாவது ஏழாவது சுற்றில் புத்தகம் பாராமல் வாய் தானே போகும். உங்களுக்கு வேண்டியது அதுதான், ஏனென்றால் இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இவற்றை உங்களுக்காகவே சொல்கிறேன். 121, மேலே சொன்ன உறங்காதவர். 127, ‘அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்’. 130-இல், எப்போது விடியும் என்று காத்திருக்கிற ஜாமக்காரர் வருகிறார்கள். 131, பால்மறந்த குழந்தை தாய்மடியில் அமர்ந்திருக்கிற மூன்றே வசனம். இதைப் பாடினவர்களுக்கும் ராத்திரி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. ராத்திரி முழித்தால் விரலை வைத்துப் பார்க்காதே என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. வைத்துப் பார்த்த பிறகு 121-ஐச் சொல்லுங்கள். காவல் மாற்றுகிறவர்கள் வந்ததும் முந்தின ஜாமக்காரன் வீட்டுக்குப் போவான் அல்லவா, அந்த மாதிரி.

இதோடு மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான், தினம் அரை அதிகாரம். எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். இன்று அவர் யாரைத் தொட்டார், யார் பயந்தார்கள் என்று மட்டும் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். ஒன்பதாம் அதிகாரத்தில் பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன் கண்ணீரோடு, ‘விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்கிறான். ஒரே மூச்சில் இரண்டும். அவன் பிள்ளை சுகமாகிறான், முதலில் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று அவனை வரிசையிலிருந்து அனுப்பவில்லை.

எந்த மொழிபெயர்ப்பு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும். வாயில் நிற்பதற்குப் பழைய மொழிபெயர்ப்பையே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒத்தாசை’, ‘பர்வதம்’ எல்லாம் இன்றைய பேச்சில் அதிகம் வராத சொற்கள்தான், ஆனால் அந்தச் சந்தம் நாக்கில் ஒட்டும். மாற்குவைப் புரிந்து வாசிக்க 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம், எளிது. ஆப்பில் வாசிப்பதும் தப்பில்லை. நடுவில் குடும்பக் குழுவின் குட்மார்னிங் வந்து விழும், அதனால் காகிதம் நல்லது என்பேன்.

‘பயப்படாதே என்று வேதத்தில் 365 முறை இருக்கிறது, நாளுக்கு ஒன்று’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். நானும் பிரசங்கத்தில் சொன்னவன்தான். பிறகு ஒத்தவாக்கியத்தை, அதாவது வேதத்தில் எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் புத்தகத்தை, வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன், அந்தக் கணக்கு வரவில்லை.

இனி வேதத்துக்கு வெளியே ஒன்று, அல்லது வேதத்துக்குள்ளேயே. இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது. இதைச் சும்மா விடக்கூடாது. 1 இராஜாக்கள் 19-இல் எலியா பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்து, ‘போதும் கர்த்தாவே’ என்கிறான். வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டான், திரும்பத் தூங்கினான், தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நீங்களும் ஒரு டாக்டரைப் பாருங்கள். குடும்ப டாக்டரிடம் தொடங்கலாம், அவர் மனநல மருத்துவரிடம் அனுப்பினால் தயங்காமல் போங்கள். போன் போட்டுப் பேசினால் போதும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக்கே மருந்து சொல்லி எழுதியிருக்கிறார்.

கணவரின் அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள். கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த அறிகுறி வந்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும், எந்த மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, மாடி ஏறலாமா. நெகேமியா ஜெபமும் பண்ணினார், மதிலில் காவலும் வைத்தார். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டாலே ராத்திரி பயத்தில் ஒரு பங்கு குறைவதை அந்த வராந்தாவில் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் உங்கள் பயத்தைச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. நெஞ்சில் கம்பிச் சுருள் வைத்துக்கொண்டு திரும்பிய மனுஷனுக்கும் ராத்திரி இரண்டு மணி உண்டு, அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம். விளக்கணைக்கும் முன் வாசிக்கும் அந்தச் சங்கீதத்தை ஒரு வசனம் நீங்கள், ஒரு வசனம் அவர் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

அட்டையைக் கிழிக்க வேண்டாம். அலமாரியிலிருந்து எடுத்து, பசையைத் துடைத்து, சங்கீதம் 91 இருக்கும் பக்கத்தில் வையுங்கள். வைக்கும் முன் அட்டையின் பின்பக்கத்தில் பதினைந்தாம் வசனத்தை உங்கள் கையெழுத்தில் எழுதிவிடுங்கள், தேதியோடு.